வெள்ளம் வருவதற்கு முன்பே ஊருக்கு அரசுப் பணம் கிடைக்குமா?

கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் குழித்துறையாற்றின் கரையோரம் உங்கள் ஊர் என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் மறுகால் (உபரிநீர்) திறந்தால் இரண்டு தெருக்களில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது. ஆனி, ஆடியில் கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்குள் அலை ஏறுகிறது. ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்து, மூன்று வேளை சாப்பாடு போட்டு, தண்ணீர் வடிந்ததும் அனுப்பிவிடுகிறார்கள். இப்போது, பேரிடர் அபாயத்தைக் குறைக்க ஊர்களுக்கு அரசு மானியம் தருகிறது, பதிவு செய்த சங்கம் நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வாட்ஸ்ஆப் செய்தி வந்திருக்கிறது. உங்கள் இளைஞர் மன்றம் அதற்கு எங்கே மனுப்போட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மனு எங்கே என்பதைவிட, அழிவு வந்த பிறகு தரும் பணம் தவிர, வருவதற்கு முன்பே தடுக்கும் பணம் என்று ஒன்று உண்டா, இருந்தால் அது ஏன் உங்கள் தெருவுக்கு வரவில்லை என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் செய்தி. மன்றமோ சங்கமோ தன் வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்து லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்ளும் பேரிடர் தணிப்பு மானியம் எதுவும் அரசின் பேரிடர் நிதிகளில் கிடையாது. பதிவுக் கட்டணம், கோப்புச் செலவு என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனால் தடுக்கும் பணம் இருக்கிறது, அதுவும் சட்டப்படி இருக்கிறது. அது பணமாக ஊருக்கு வராது, ஒரு துறை செய்யும் வேலையாக வரும். இதைப் புரிந்துகொண்டால் பாதி வழி கடந்த மாதிரி. வருவாய்த் துறையில் இந்த மாவட்டத்திலேயே பல ஆண்டுகள் இருந்தவன் நான். பேரிடர்ப் பிரிவில் கோப்புகள் பார்த்திருக்கிறேன், ஓய்வுக்குப் பிறகு ஊர்க் கமிட்டிகளுக்கு மனு தயாரிக்க உதவி வருகிறேன். பொறியியல் படித்தவன் இல்லை. அதனால் அணை, அலை, மண் பற்றிய இடங்களில் என் பேச்சுக்கு ஒரு எல்லை உண்டு, அதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியது இது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இரண்டு வகை நிதிகளைச் சொல்கிறது. ஒன்று நிவாரணத்துக்கு, மற்றொன்று தணிப்புக்கு. நிவாரண நிதி எல்லோருக்கும் தெரியும். பேரிடரில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம், இடிந்த வீட்டுக்கு இவ்வளவு, முங்கிப்போன நெல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. தணிப்பு நிதி சட்டப் புத்தகத்தில் இருந்தும் பல ஆண்டுகள் அதில் பணம் இல்லை. மத்திய அரசின் வரி வருவாயை மாநிலங்களுக்குப் பங்கிடப் பரிந்துரைக்கும் நிதிக் குழு, அதிலும் 15ஆம் நிதிக் குழுதான் அதற்கு உயிர் கொடுத்தது. 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துப் பேரிடர் நிதியாக 1,60,153 கோடி ரூபாய் பரிந்துரைத்து, அதில் 80 விழுக்காடு நிவாரணத்துக்கு, 20 விழுக்காடு தணிப்புக்கு என்று பிரித்தது. தணிப்புக்கு மட்டும் 32,031 கோடி. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் இதில் முக்கால் பங்கு மத்திய அரசும் கால் பங்கு மாநில அரசும் போடுகின்றன. இது தவிர தேசிய அளவில் தனியாக 13,693 கோடி தணிப்புக்கு உண்டு. நிவாரணம் என்று நான் சொன்ன 80 விழுக்காட்டுக்குள்ளேயே 10 விழுக்காடு முன்னேற்பாட்டுக்கும் பயிற்சிக்கும் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி நம் மாவட்டத்தில் பெரும்பாலான மனுக்கள் ஏன் திரும்பி வருகின்றன என்பதைப் பார்ப்போம். நீரோடியில் இருந்து ஆரோக்கியபுரம் வரை எந்தக் கடற்கரை ஊரில் கேட்டாலும் முதல் கோரிக்கை கரையிலிருந்து கடலுக்குள் கல் அடுக்கிக் கட்டும் தூண்டில் வளைவு, இரண்டாவது கோரிக்கை அலைதடுப்புச் சுவர். கேட்பதில் தவறே இல்லை. வீட்டு வாசலில் கடல் நிற்கும்போது வேறு எதைக் கேட்பது? ஆனால் அந்தக் கோரிக்கையைத் தணிப்பு நிதியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அன்றே முடிந்துவிடும். கடற்சுவர், வெள்ளக்கரை மாதிரியான பெரிய கட்டுமானங்களை வழக்கமான வளர்ச்சித் திட்டங்களில் செய்ய வேண்டும், தணிப்பு நிதியில் செய்யக் கூடாது என்று நிதிக் குழுவே எழுதி வைத்துவிட்டது. உள்ளூர் அளவில், மக்களோடு சேர்ந்து செய்யும் சிறிய வேலைகளுக்குத்தான் இந்த நிதி என்பது அதன் அடிப்படை விதி. உங்கள் மன்றம் அனுப்பிய மனுவின் படத்தைப் பார்த்தேன். அதிலும் முதல் வரியே தூண்டில் வளைவுதான்.

தூண்டில் வளைவுக்கு வழி வேறு. மீன்வளத் துறையோ நீர்வளத் துறையோ மதிப்பீடு போட்டு, மாநில நிதியிலோ நபார்டு கடன் நிதியிலோ அரசாணை வாங்கிச் செய்யும் வேலை அது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வேண்டும், கடலியல் ஆய்வு வேண்டும். அந்த ஆய்வை வெறும் தாமதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஓர் ஊருக்குக் கல் போட்டால் ஒரு பக்கம் மணல் சேர்ந்து மறு பக்கம் அரிப்பதை நம் கரையிலேயே எத்தனையோ இடங்களில் பார்க்கிறோம். தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் வள்ளங்கள் கவிழ்ந்து உயிர்கள் போனதை உங்கள் பகுதியில் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் ஊருக்குத் தூண்டில் வளைவு பொருந்துமா, அதனால் பக்கத்து ஊருக்கு என்ன ஆகும் என்பதை என்னால் சொல்ல முடியாது, கடலோரப் பொறியாளர்தான் சொல்ல முடியும். அந்தக் கோரிக்கையைக் கைவிடச் சொல்லவில்லை. தேவாலயப் பங்குப்பேரவை மூலமாகவும் மீனவர் குறைதீர் கூட்டத்திலும் அது தனிக் கோப்பாகப் போகட்டும். தணிப்பு நிதிக்கான மனுவில் அதைக் கலக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்வது. ஒரே தாளில் பத்துக் கோரிக்கை இருந்தால் அந்தத் தாள் ஐந்து துறைக்குப் போகும், ஐந்திலிருந்தும் "எமது துறை சார்ந்ததல்ல" என்று பதில் வரும்.

அப்படியானால் எது தணிப்பு நிதிக்குள் வரும்? உங்கள் ஆற்றோரத் தெருக்களையே எடுத்துக்கொள்வோம். ஆறு பெருகித் தண்ணீர் வருவதைத் தெருவில் யாரும் நிறுத்த முடியாது. மேலே பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகள் எல்லாம் நிரம்பி, கோதையாறும் பரளியாறும் ஒன்றாகப் பெருகினால் திக்குறிச்சி, வைக்கல்லூர், பருத்திக்கடவு என்று வரிசையாக முங்கும். 2021 நவம்பரில் அதைத்தான் பார்த்தோம். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரி என் கண்ணில் பட்டது. ஆறு இறங்கிய பிறகும் உங்கள் தெருவில் மூன்று நாள் தண்ணீர் நிற்கிறது என்கிறீர்கள். அந்த மூன்று நாள் ஆற்றின் குற்றம் அல்ல, வடிகாலின் குற்றம். கீழே எங்கோ தண்ணீர் வெளியேற வழி இல்லாமல் இருக்கிறது.

நம் மேற்குப் பகுதியில் இதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று ஏவிஎம் கால்வாய். 1860களில் திருவிதாங்கூர் ஆட்சியில் வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய், பூவாறு பக்கத்திலிருந்து கடற்கரையை ஒட்டித் தேங்காய்ப்பட்டணம், குளச்சல் வழியாக வருவது. ஒரு காலத்தில் வள்ளம் ஓடிய கால்வாய் இன்று பல இடங்களில் தூர்ந்து, ஆக்கிரமிக்கப்பட்டு, குப்பை நிரம்பிக் கிடக்கிறது. கடற்கரை மணல்மேட்டுக்கும் உள்ளூர் ஏலாக்களுக்கும் (வயல்வெளிகளுக்கும்) இடையில் விழும் மழை எல்லாம் வடிய வேண்டிய வழி அது. இரண்டாவது காரணம் சிறுபாலங்கள். சாலையை ஒவ்வொரு தடவையும் உயர்த்திப் போடுகிறார்கள், அடியில் இருக்கும் குழாயை மட்டும் மாற்றுவதில்லை. ஐம்பது வீட்டு மழைநீருக்கு வைத்த சிமென்ட் குழாய் இன்று முந்நூறு வீட்டுக்குத் தாங்க வேண்டியிருக்கிறது. அதன் வாயில் ஒரு தென்னை மட்டையும் நாலு பிளாஸ்டிக் பையும் சிக்கினால் தெரு குளமாகிவிடும். குழாயை எடுத்துவிட்டுப் பெட்டி வடிவச் சிறுபாலம் கட்டுவது, அதற்கு மேலும் கீழும் நூறு இருநூறு மீட்டர் ஓடையை ஆழப்படுத்திக் கரை கட்டுவது, ஆறு பெருகும்போது தண்ணீர் எதிர்த்து ஏறாமல் இருக்க ஓடை வாயில் ஒரு மடைக்கதவு வைப்பது, இவையெல்லாம் தணிப்பு நிதியின் மனதுக்கு ஒத்த வேலைகள். தொகை சிறியது, ஒரே பருவத்தில் முடியும், எத்தனை வீடு பயன்பெறும் என்று எண்ணிக் காட்டலாம். தங்கவைக்கும் பள்ளிக்கூடத்தில் கழிப்பறை, குடிநீர்த் தொட்டி, சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் கேட்பதும் அப்படியே. ஆனால் ஆண்டுதோறும் செய்யும் தூர்வாரலை மட்டும் எழுதினால் இது பராமரிப்பு வேலை என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். ஓடையின் கொள்ளளவு நிரந்தரமாகக் கூடும் என்று காட்ட வேண்டும்.

இங்கேதான் பெரும்பாலான ஊர்கள் தடுக்கி விழுகின்றன. அந்த ஓடை யாருடையது? அந்தச் சாலை யாருடையது? ஊராட்சிச் சாலையா, ஊராட்சி ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்பதைப் பொறுத்து மதிப்பீடு போடும் பொறியாளர் மாறுகிறார். ஓடை நீர்வளத் துறைப் பதிவேட்டில் இருக்கிறதா, வருவாய்ப் புறம்போக்கா, யாராவது ஒருவரின் பட்டா நிலத்தில் ஓடுகிறதா என்பதைப் பொறுத்து தடையில்லாச் சான்று தருபவர் மாறுகிறார். இதைக் கண்டுபிடிக்க உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு காலை நேரம் உட்கார்ந்தால் போதும். ஓடை போகும் புல எண்களைக் குறித்துக்கொண்டு புலப்பட நகல் வாங்குங்கள். ஓடை அகலம் படத்தில் எவ்வளவு, தரையில் இப்போது எவ்வளவு என்று நாடா பிடித்து அளந்து பக்கத்திலேயே எழுதுங்கள். படத்தில் 5 மீட்டர், தரையில் 2 மீட்டர் என்று ஒரு தாளில் தெரிந்தால் அதற்குப் பிறகு வாதமே தேவைப்படாது. ஆக்கிரமிப்பு உங்கள் மன்றத்து உறுப்பினர் வீட்டுச் சுவராகவே இருக்கலாம். அதை மனு கொடுப்பதற்கு முன்பே ஊருக்குள் பேசி முடித்துவிடுங்கள், பிறகு பேசினால் வேலை பாதியில் நிற்கும்.

இன்னொன்றும் இந்த மாவட்டத்துக்கே உரியது. மற்ற மாவட்டங்களைப்போல இங்கே ஊராட்சிகள் பெருவாரியாக இல்லை. ஊராட்சிகள் 95, அதோடு ஐம்பதை ஒட்டிய எண்ணிக்கையில் பேரூராட்சிகள். பார்த்தால் கிராமம்போல இருக்கும் எத்தனையோ ஊர்கள் நிர்வாகத்தில் பேரூராட்சி. ஊரகத் திட்டங்கள் பேரூராட்சிக்குப் பொருந்தாது. நூறு நாள் வேலையில் ஓடை வெட்டித் தாருங்கள் என்று பேரூராட்சியில் இருந்துகொண்டு கேட்டால் காரியம் நடக்காது. உங்கள் பகுதி ஊராட்சியா பேரூராட்சியா என்று நீங்கள் எழுதவில்லை. ஊராட்சியாக இருந்தால் கிராம சபைத் தீர்மானம் வேண்டும், பேரூராட்சியாக இருந்தால் மன்றத் தீர்மானம் வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம் மாவட்ட ஊராட்சிகளில் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். ஊராட்சித் தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டு. "ஓடையைச் சீரமைக்க வேண்டும்" என்று பொதுவாகத் தீர்மானம் எழுதாதீர்கள். புல எண், நீளம், சிறுபாலம் இருக்கும் இடம், பயன்பெறும் வீடுகளின் எண்ணிக்கை எல்லாம் தீர்மானத்திலேயே இருக்க வேண்டும்.

மனுவோடு என்ன வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில், அதிகாரி நிறுத்திப் படிக்கும் மனுவுக்கும் அடுக்கில் போகும் மனுவுக்கும் உள்ள வித்தியாசம் அளவுகள்தான். தண்ணீர் வடிந்த மறுநாள் சுவர்களில் சேற்றுக்கோடு தெரியும். வெயில் ஏறுவதற்குள் அதன்மேல் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து, தேதியை எழுதி, தரையில் இருந்து எத்தனை அடி என்று அளந்து படம் எடுங்கள். இப்படிப் பத்து வீட்டில் குறித்தால் தண்ணீர் எந்தப் பக்கம் இருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது என்பது தானாகத் தெரிந்துவிடும். நேரத்தையும் குறியுங்கள்: அணையில் எத்தனை மணிக்கு எத்தனை கன அடி திறந்ததாக அறிவிப்பு வந்தது, உங்கள் படித்துறையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறியது, முதல் வீட்டுக்குள் எப்போது நுழைந்தது. இரண்டு மூன்று வெள்ளத்துக்கு இந்தக் கணக்கு இருந்தால், உங்கள் ஊருக்கு எத்தனை மணி நேர அவகாசம் என்று சொல்லிவிடலாம். அந்த எண் அலுவலகத்தில் யாரிடமும் இருக்காது, கரையில் இருக்கும் உங்களிடம்தான் இருக்க முடியும். அப்புறம், படுக்கையில் இருக்கும் பெரியவர்கள், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்பவர்கள், நடக்க முடியாதவர்கள் எந்தெந்த வீட்டில் என்று ஒரு பட்டியல். அதைப் பொதுவில் ஒட்ட வேண்டாம். ஊர்க் கமிட்டியில் ஒருவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் மட்டும் இருக்கட்டும்.

அடுத்து, மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அப்படி ஒரு திட்டம் இருக்க வேண்டும். ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அதைத் தயாரித்து ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதில் பாதிப்புக்குள்ளாகும் பகுதிகளை மிக அதிகம், அதிகம், நடுத்தரம், குறைவு என்று நான்கு தரமாகப் பிரித்திருப்பார்கள். உங்கள் தெரு அந்தப் பட்டியலில் இல்லை என்றால், காகிதத்தைப் பொறுத்தவரை உங்கள் தெருவில் வெள்ளமே வருவதில்லை. முதல் மனு அதற்குத்தான் போக வேண்டும்: பட்டியலில் சேர்க்கவும், தரத்தை உயர்த்தவும். வட்டாட்சியர் அறிக்கையின் பேரில் அது நடக்கும், பைசா செலவில்லாத வேலை. பட்டியல் நகல் தர யாராவது தயங்கினால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள்.

மனுவைத் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுப்பது சரிதான், ரசீது எண் கிடைக்கும். ஆனால் அதோடு விடாதீர்கள். ஆட்சியரகத்தில் பேரிடர் மேலாண்மைக்கென்று தனி வட்டாட்சியர் இருப்பார். தணிப்பு நிதிக்கான முன்மொழிவுகள் அந்தப் பிரிவின் வழியாகத்தான் சென்னைக்கு, வருவாய் நிர்வாக ஆணையரகத்துக்குப் போகும். அங்கிருந்து தலைமைச் செயலர் தலைமையிலான மாநிலச் செயற்குழுவின் ஒப்புதலுக்குப் போகும். மழைக்காலத்தில் அந்தப் பிரிவில் யாருக்கும் தலைநிமிர நேரம் இருக்காது, அப்போது போய் நிற்பதில் பயனில்லை. நம் மாவட்டத்துக்கு இடவப்பாதியிலும் (தென்மேற்குப் பருவத்திலும்) ஐப்பசி, கார்த்திகையிலும் இரண்டு மழை. பேச்சிப்பாறைச் சானல்களில் வழக்கமாக ஜூன் தொடங்கிப் பிப்ரவரி கடைசி வரை தண்ணீர் ஓடும், பாசன வாய்க்கால் சம்பந்தப்பட்ட எந்தக் கட்டுமானமும் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில்தான் நடக்கும். அந்த மூன்று மாதத்தில் வேலை நடக்க வேண்டும் என்றால் மதிப்பீடும் அனுமதியும் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். ஆவணியில் காகிதங்களைத் தயார் செய்யத் தொடங்குங்கள். துலா (ஐப்பசி) மழையில் எடுத்த படங்களையும் அளவுகளையும் சேர்த்து, மார்கழிக்குள் முழுக் கோப்பைக் கொடுத்துவிடுங்கள்.

தணிப்பு நிதியை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். ஒரு சிறுபாலத்துக்குச் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி போதும், ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் அது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. சட்டமன்ற உறுப்பினரிடம் போகும்போது மதிப்பீடு இல்லாமல் போகாதீர்கள். ஒன்றியப் பொறியாளர் கையெழுத்திட்ட மதிப்பீட்டோடு போனால் பரிந்துரைக் கடிதம் சுலபமாக வரும். நமக்கு நாமே திட்டமும் இருக்கிறது. மதிப்பீட்டில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மீதியை அரசு போடும், பங்கு வேலையின் வகையைப் பொறுத்து மாறும். வெளிநாட்டில் இருக்கும் உங்கள் ஊர்க்காரர்கள் கோயில் திருவிழாவுக்கும் தேவாலயத் திருநாளுக்கும் அனுப்பும் தொகையில் ஒரு சிறு பகுதி போதும், ஒரு ஓடைக்கு ஊர்ப்பங்கு தேறிவிடும் என்பது என் கருத்து. உங்கள் கடற்கரைப் பகுதிக்கு மீன்வளத் துறை வழியாக இன்னொரு வழி உண்டு. பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில், பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் கடலோர மீனவக் கிராமங்கள் என்று நாடு முழுவதும் 100 ஊர்களைத் தேர்ந்து, ஊருக்கு 2 கோடி வரை செலவிடும் பிரிவு இருக்கிறது. உங்கள் ஊர் அதில் சேர்ந்ததா, இனிச் சேருமா என்பதை மீன்வள உதவி இயக்குநர் அலுவலகம்தான் சொல்ல வேண்டும். உங்கள் மன்றத்துக்கே நேரடியாகப் பணம் வர ஒரே வழி, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பேரிடர் மேலாண்மையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்கு மன்றம் பதிவு, வருமானவரி விலக்குச் சான்று, கணக்குத் தணிக்கை, சிஎஸ்ஆர்-1 பதிவு எல்லாம் முடித்திருக்க வேண்டும். உங்களைப் போன்ற மன்றத்துக்கு இப்போதைக்கு அந்தச் சுமை வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

முன்னேற்பாட்டுக்கு 10 விழுக்காடு என்று மேலே சொன்னேனே, அதைப் பற்றி. கல்லும் சிமென்ட்டும் இல்லாத வேலை என்பதால் ஊர்கள் இதை மதிப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் ஆழ்கடலில் இருந்தவர்கள். வள்ளவிளை, தூத்தூர், சின்னத்துறை ஆள்கள் கரையை விட்டுப் போனால் பல நாள் தங்கித்தான் மீன் பிடிப்பார்கள். அவர்களுக்குச் செய்தி சொல்ல வழியே இல்லை. எவ்வளவு பெரிய சுவர் கட்டியிருந்தாலும் அந்த உயிர்கள் மிஞ்சியிருக்காது. அதன் பிறகுதான் விசைப்படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழி செய்தி தரும் டிரான்ஸ்பாண்டர் கருவி அரசுச் செலவில் வந்தது. உங்கள் ஊர் விசைப்படகுகளில் அது பொருத்தியிருக்கிறதா, வேலை செய்கிறதா, கடலுக்குப் போகும்போது அணைத்து வைக்கிறார்களா என்று ஒரு கணக்கெடுங்கள். கள்ளக்கடல் (இங்கே புயல், காற்று இல்லாமலே திடீரென ஏறும் பேரலை) எச்சரிக்கையும் அப்படித்தான். ஐதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் சேவை மையம் முன்கூட்டியே அறிவிக்கிறது. 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துப் போனபோதும் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. மையத்தில் இருந்து செய்தி வந்தால் மட்டும் போதாது, மணலில் நிற்பவர் காதுக்கும் அது போய்ச் சேர வேண்டும். தேவாலய ஒலிபெருக்கியில் யார் அறிவிப்பது, ராத்திரியானால் யார் வீடு வீடாகத் தட்டுவது என்று முடிவு செய்ய எந்த நிதியும் வேண்டாம். ஆப்த மித்ரா தன்னார்வலர் பயிற்சிக்கு 18 முதல் 40 வயது வரையிலான இளைஞர்களை எடுத்தார்கள், 12 நாள் பயிற்சி, மீட்புக் கருவிப் பை, காப்பீடு எல்லாம் கொடுத்தார்கள். அடுத்த தொகுதிக்கு ஆள் எடுக்கும்போது உங்கள் மன்றத்தில் நாலு பேர் பெயரை இப்போதே பேரிடர்ப் பிரிவில் கொடுத்து வையுங்கள். பெண்கள் இருவராவது இருக்கட்டும். பகலில் ஊரில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

உறுதி இல்லாத விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். 15ஆம் நிதிக் குழுவின் காலம் 2026 மார்ச்சோடு முடிந்து 16ஆம் குழுவின் காலம் தொடங்குகிறது, நான் சொன்ன தொகைகளும் பங்குகளும் பழைய காலத்துக்குரியவை. மனுவில் எண்களை எழுதுவதற்கு முன் புதிய வழிகாட்டுதலைப் பேரிடர்ப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். நிதி பிரியும் விகிதம் மாறினாலும் தணிப்பு நிதி சட்டத்தில் இருக்கும்வரை கேட்கும் உரிமை மாறாது. இரண்டாவது, எவ்வளவு காலம் ஆகும் என்பது. எல்லாம் சரியாக இருந்து ஒரே ஆண்டில் அனுமதி வந்ததையும் பார்த்திருக்கிறேன், நல்ல முன்மொழிவு மூன்று ஆட்சியர்கள் மாறும்வரை கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, கடலோரத்தில் அடிக்கடி இடியும் வீடுகளுக்கு மாற்று இடம். அரிப்பால் இடம்பெயர்ந்தவர்களின் மறுவாழ்வுக்கு 1,000 கோடி, அரிப்பைத் தடுக்க 1,500 கோடி என்று 15ஆம் குழு தேசிய நிதியில் தனியாக ஒதுக்கியது. காகிதத்தில் அது நமக்கும் பொருந்தும். ஆனால் நம் கடற்கரையில் வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன, பக்கத்தில் புறம்போக்கே இல்லை. கடலை விட்டு ஐந்து கிலோமீட்டர் தள்ளி இடம் கொடுத்தால் மீன்பிடிப்பவர் போய் இருப்பாரா என்பதும் ஒரு கேள்வி. சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்புகளில் யார் தங்கினார்கள், யார் திரும்பிக் கரைக்கே வந்தார்கள் என்று உங்கள் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு அந்தக் கோரிக்கையை எழுதுங்கள்.

இப்போதைக்கு உங்கள் மன்றம் செய்ய வேண்டியது கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்துக்குப் போய் அந்த ஓடையின் புல எண்களைக் குறித்துக்கொள்வது, சிறுபாலம் இருக்கும் சாலை எந்தத் துறையுடையது என்று கேட்பது. உங்கள் பகுதி ஊராட்சியா பேரூராட்சியா என்பதோடு இந்த இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். மனுவை யார் பெயருக்கு, எந்த வாசகத்தில் எழுதுவது என்று பிறகு சொல்கிறேன்.